சர்வதேசச் சட்டம், மனித உரிமைப் பேராசிரியர் பணி: எல்எல்எம் முதல் நேர்காணல் வரை

சட்டம் படித்துவிட்டு, சர்வதேசச் சட்டத்தையும் மனித உரிமையையும் வகுப்பில் கற்பிக்க வேண்டும், அவற்றில் ஆய்வு செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்றப் போட்டி) கோப்பை, நல்ல மதிப்பெண், ஆழ்ந்த வாசிப்பு எல்லாம் இருந்தும் விண்ணப்பம் முதல் பரிசீலனையிலேயே கழிந்துபோவதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். படித்த எல்எல்எம் (சட்ட முதுகலைப் பட்டம்) இங்கே செல்லாது. உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டை வேறு பாடத்தில் எழுதியிருப்பார். சாதிச் சான்றிதழ் கேட்ட படிவத்தில் இருக்காது. மூன்றையும் முன்கூட்டியே தவிர்க்கலாம். கட்டணமும் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பணம் கட்டும் நாளன்று அறிவிக்கையை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

1. முதலில் வேலை அறிவிக்கையைப் படியுங்கள், பிறகு படிப்பைத் தேர்ந்தெடுங்கள்

தமிழ்நாட்டு அரசுச் சட்டக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களும் மத்தியப் பல்கலைக்கழகங்களும் தனித்தனியே அறிவிக்கை விடும். தனியார் கல்லூரிகள் நேரடியாக எடுக்கும். இந்த மூன்று வகையிலும் சமீபத்தில் வந்த ஐந்து அறிவிக்கைகளை இறக்கி, ‘அத்தியாவசியத் தகுதி’ என்ற பத்தியை மட்டும் அச்செடுத்து வையுங்கள். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு உங்கள் ஒவ்வொரு முடிவையும் அந்தத் தாளோடு ஒப்பிட வேண்டியிருக்கும்.

சட்டத் துறைப் பணிக்குப் பொதுவான அடிப்படை இது: 55 சதவீத மதிப்பெண்ணுடன் எல்எல்எம் (எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதத் தளர்வு), அதோடு நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதிப்படி முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு நெட் விலக்கு உண்டு. 2023 ஜூலை 1 முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு பிஎச்டி கட்டாயமில்லை. சில அறிவிக்கைகள் பார் கவுன்சில் பதிவு கேட்கும், சில தமிழ்த் தகுதித் தாள் வைக்கும். அதையும் அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

எல்எல்பி இல்லாமல் மனித உரிமையில் எம்ஏ மட்டும் வைத்திருந்தால் சட்டக் கல்லூரிக் கதவு திறக்காது. மனித உரிமைத் துறை தனியாக இயங்கும் பல்கலைக்கழகங்களும் சமூக அறிவியல் துறைகளும்தான் உங்கள் இடம். எம்ஏ சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்கள் ஏராளம்.

வக்கீலாகத் தொழில் செய்துகொண்டே கற்பிக்க முடியுமா என்று கேட்பார்கள். வழக்கறிஞர்கள் சட்டம் கற்பிப்பது குறித்த 1979-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு வழக்கறிஞர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மிகாமல் சட்டம் கற்பிக்கலாம். முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்து, தொழில் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும்.

2. எல்எல்எம்: எங்கே படிப்பது

தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் ஓராண்டு எல்எல்எம்முக்கு கிளாட் முதுநிலைத் தேர்வு. 120 கேள்வி, இரண்டு மணி நேரம், தவறான விடைக்கு கால் மதிப்பெண் கழியும். விண்ணப்பம் ஆண்டின் நடுவில் திறக்கும், தேர்வு டிசம்பரில் நடக்கும். கட்டணம் பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், எஸ்சி, எஸ்டி பிரிவுக்கு 3,500. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இதில் சேராது. அதற்கு ஐலெட் என்ற தனி நுழைவுத் தேர்வு. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் கிளாட் வழியாகவே எடுக்கிறது. கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து இரண்டு முதல் நான்கு லட்சம் வரை கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். கலந்தாய்வுக்கு முன்பணம் தனி. இடம் வந்து சேராமல் விட்டால் அதில் ஒரு பகுதி திரும்பி வராது.

செலவு அதிகம் என்றால் சென்னை டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். இரண்டாண்டு எல்எல்எம்மில் சர்வதேசச் சட்டமும் அமைப்புகளும், மனித உரிமையும் கடமைகளும் என இரண்டும் தனித்தனிப் பிரிவுகளாக உள்ளன. கட்டணம் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. டெல்லியிலுள்ள தெற்காசியப் பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டு எல்எல்எம் சர்வதேசச் சட்டத்தையே மையமாக வைத்தது. நேபாளம், வங்கதேசம், இலங்கை மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து எல்லை நதி, அகதி, கடல் எல்லை வழக்குகளைப் பேசுவது இந்தத் துறைக்குப் பெரிய வரம்.

சேரும் முன் துறை அலுவலகத்தில் ஒன்றைக் கேளுங்கள்: ‘போன ஆண்டு சர்வதேசச் சட்ட விருப்பப் பாடங்களில் எத்தனை உண்மையில் நடந்தன?’ கையேட்டில் எட்டுப் பாடம் அச்சடித்திருக்கும். போதிய மாணவர்கள் சேராததால் இரண்டுதான் நடந்திருக்கும். மற்ற இடங்கள் கம்பெனிச் சட்டத்துக்குப் போயிருக்கும். அப்படி இருந்தால் ஆய்வேட்டை மட்டுமாவது சர்வதேசச் சட்டத்தில் எழுதுங்கள். நேர்காணலில் உங்கள் சிறப்புப் பாடத்துக்கு அதுவே சாட்சி.

ஆன்லைன், தொலைதூர, கலப்பு முறை எல்எல்எம் பக்கம் போகவே வேண்டாம். தன் அனுமதி இல்லாத இத்தகைய படிப்புகள் செல்லாது என்று 2025-இல் இந்திய பார் கவுன்சில் வெளிப்படையாகவே எச்சரித்தது. ‘எக்ஸிக்யூட்டிவ் எல்எல்எம்’ என்ற பெயரில் விற்கப்படுவதும் இதில் சேரும்.

3. வெளிநாட்டு எல்எல்எம்: பணம் கட்டும் முன் நிறுத்தி யோசியுங்கள்

எஸ்ஸெக்ஸ், லைடன், ஜெனீவா அகாடமி, லண்ட் போன்ற இடங்களின் மனித உரிமைப் படிப்புகள் நிஜமாகவே சிறந்தவை. சிக்கல் திரும்பி வந்த பிறகு தொடங்குகிறது. வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலை (இந்தியப் பட்டத்துக்கு இணை என்ற அங்கீகாரம்) வழங்க யுஜிசி 2025 ஏப்ரலில் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. சட்டம், மருத்துவம் போன்ற துறைகள் அதில் வராது. 2022-இல் இந்தியாவும் பிரிட்டனும் செய்துகொண்ட பட்ட அங்கீகார ஒப்பந்தத்திலும் சட்டம் இல்லை. ஆக, பிரிட்டனில் முப்பது லட்சம் செலவழித்து வாங்கிய ஓராண்டு எல்எல்எம்மை மட்டும் நம்பி இங்கே நெட் எழுதவோ வேலைக்கு விண்ணப்பிக்கவோ போனால், சமநிலைச் சான்று எங்கே என்று கேட்டு நிறுத்துவார்கள்.

எங்கள் ஆலோசனை இதுதான். இந்தியாவில் கற்பிப்பது உறுதி என்றால் முதலில் இந்திய எல்எல்எம், பிறகு வெளிநாடு. வெளிநாட்டிலேயே ஆய்வைத் தொடரப் போகிறீர்கள் என்றால் அங்கே எல்எல்எம் எடுத்து நேராக பிஎச்டிக்குப் போகலாம். கியூஎஸ், டைம்ஸ், ஷாங்காய் ஆகிய மூன்று தரவரிசைகளில் ஏதாவது ஒன்றில், எப்போதாவது முதல் 500-க்குள் வந்த பல்கலைக்கழகத்தின் பிஎச்டியை உதவிப் பேராசிரியர் தகுதியாக யுஜிசியின் 2018 விதிமுறை ஏற்கிறது. அதில் சட்டத் துறையும் உண்டு. சேரும் ஆண்டிலோ முடிக்கும் ஆண்டிலோ அந்தத் தரவரிசைப் பக்கத்தைப் பிடிஎஃப் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்துத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

உதவித்தொகைகளில் பிரிட்டன் அரசின் செவனிங் இரண்டு ஆண்டு, அதாவது 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கும். முடித்ததும் இரண்டு ஆண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆக்ஸ்போர்டு உள்ளிட்ட சில இடங்களுக்கு இந்திய மாணவர்களுக்கு ஃபெலிக்ஸ் உதவித்தொகை இருக்கிறது. எஸ்சி பிரிவினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகளின் பிள்ளைகள் ஆகியோருக்கு மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழைக் கடைசி வாரத்தில் கேட்டு அலையாதீர்கள்.

4. நெட்: பாட எண்ணில் தவறு வேண்டாம்

நெட் பட்டியலில் சட்டம் 58. மனித உரிமையும் கடமைகளும் 92. எல்எல்எம் மனித உரிமைப் பிரிவில் படித்தவர்கள் 92 தங்களுக்கு எளிது என்று அதை எழுதிவிடுகிறார்கள். தேறியும் விடுவார்கள். சட்டத் துறை அறிவிக்கையோ சட்டத்தில் நெட் கேட்கும். சட்டக் கல்லூரிதான் இலக்கு என்றால் 58 எழுதுங்கள். வேண்டுமானால் 92-ஐ இன்னொரு பருவத்தில் எழுதிக்கொள்ளலாம்.

ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் பருவங்கள். மூன்று மணி நேரத்தில் முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். தவறுக்குக் கழிப்பு இல்லை, எனவே ஒன்றையும் விடாமல் குறியுங்கள். கட்டணம் பொதுப் பிரிவு 1,150, ஓபிசி, இடபிள்யூஎஸ் 600, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி, மூன்றாம் பாலினத்தவர் 325 ரூபாய். இரு தாளும் எழுதியவர்களில் சுமார் 6 சதவீதம் பேரைத்தான் தேர்ச்சி என்று அறிவிப்பார்கள். பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம் என்பது குறைந்தபட்சம் மட்டுமே.

சட்டத் தாளில் பத்து அலகு. சர்வதேசச் சட்டமும் போர்க்கால மனிதாபிமானச் சட்டமும் மூன்றாவது அலகு. சுற்றுச்சூழலும் மனித உரிமையும் எட்டாவது. இரண்டும் சேர்ந்தாலும் ஐந்தில் ஒரு பங்குதான். குடும்பச் சட்டம், குற்றச் சட்டம், தீங்கியல், வணிகச் சட்டம், அறிவுசார் சொத்து எல்லாம் மீதி. சர்வதேசச் சட்டத்தில் புலியாக இருந்து இந்து வாரிசுரிமையில் கோட்டை விடுபவர்கள் அதிகம். உங்களுக்குப் பிடிக்காத நான்கு அலகுகளுக்கு நேரத்தில் பாதியைக் கொடுங்கள்.

நெட் வழியாகக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப்புக்கு வயது வரம்பு 30. எல்எல்எம் முடித்தவர்களுக்கு மூன்று ஆண்டுத் தளர்வு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு. எந்தெந்தத் தளர்வைச் சேர்த்தாலும் ஐந்தைத் தாண்டாது. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் என்றால் வயது வரம்பே இல்லை. எல்எல்எம் கடைசி ஆண்டிலேயே எழுதலாம். முடிவு வந்த இரண்டு ஆண்டுக்குள் தேவையான சதவீதத்தோடு பட்டத்தை முடிக்க வேண்டும்.

மாநில செட் தேர்ச்சி அந்த மாநிலத்துக்கு மட்டும்தான். தமிழ்நாட்டு செட்டை வைத்துக்கொண்டு கேரளத்திலோ மத்தியப் பல்கலைக்கழகத்திலோ விண்ணப்பித்தால் செல்லாது.

5. பெயர், இனிஷியல், சான்றிதழ்

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தமிழ்ப் பெயர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றில் ‘முருகன் க’, பட்டத்தில் ‘க. முருகன்’, ஆதாரில் ‘முருகன் கந்தசாமி’, பாஸ்போர்ட்டில் பெயர் முருகன், குடும்பப் பெயர் கந்தசாமி. இந்த நால்வரும் ஒருவர்தான் என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கணினிக்குத் தெரியாது. தேர்வு மைய வாசலில் நிற்பவருக்கும் தெரியாது.

செய்ய வேண்டியது: நெட், கிளாட் விண்ணப்பங்களில் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே எழுதுங்கள். அடையாள அட்டை அதோடு பொருந்த வேண்டும் என்பதால் ஆதாரை முதலில் திருத்துங்கள். வெளிநாட்டு விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதி, இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட ஆங்கில உறுதிமொழிப் பத்திரத்தை இணையுங்கள். அசலில் மூன்று பிரதி எடுங்கள். கட்டுரை வெளியிடும்போதும் முதல் கட்டுரையில் வைத்த பெயர் வடிவத்தையே கடைசிவரை வைத்திருங்கள்.

அடுத்தது ஓபிசி. தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி நிரந்தர சாதி அட்டை நெட்டுக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) இல்லை என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியரிடம் வாங்க வேண்டும். நிதியாண்டு மாறினால் புதிதாக வாங்கச் சொல்வார்கள் என்பதால் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். உங்கள் சாதி மாநிலப் பட்டியலில் இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம். அதை முதலில் சரிபாருங்கள்.

இவற்றோடு ஒரு கோப்பில் இருக்க வேண்டியவை: எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள், தற்காலிகச் சான்று, பட்டச் சான்று, சிஜிபிஏவைச் சதவீதமாக மாற்றும் சூத்திரம் குறித்த பல்கலைக்கழகக் கடிதம், பல்கலைக்கழகம் மாறும்போது கேட்கப்படும் மைக்ரேஷன் சான்று. டிரான்ஸ்கிரிப்ட் (மொத்த மதிப்பெண் தொகுப்பு) வாங்கச் சில பல்கலைக்கழகங்களில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கும் அப்போஸ்டில் முத்திரைக்கு வெளியுறவு அமைச்சகக் கட்டணம் ஒரு ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். முகவர்கள் ஆயிரக்கணக்கில் கேட்பது அவர்களின் சேவைக்கு. ஜெர்மனி இந்திய அப்போஸ்டிலை ஏற்பதில்லை, அதற்குத் தனி வழிமுறை. தெரியாமல் முத்திரை வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

6. ஆய்வுத் தலைப்பு: இங்கேதான் நிதானம் வேண்டும்

‘இந்தியாவில் அகதிகளின் மனித உரிமை: ஓர் ஆய்வு.’ இப்படி ஒரு தலைப்போடு வந்தால் நேர்காணல் குழு முதல் நிமிடத்திலேயே ஆர்வம் இழக்கும். இந்திய ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான ஷோத்கங்காவில் தேடினால் இதே போன்ற தலைப்பில் ஆய்வேடுகள் வரிசையாக வரும். இதை எப்படிக் குறுக்குவது என்று இதே உதாரணத்தில் பார்ப்போம்.

முதலில், சட்டத்தில் உண்மையான முரண் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையிலும் 1967 நெறிமுறையிலும் சேரவில்லை. 1979-இல் குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிறது. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்டு, இன்னும் உறுதி செய்யவில்லை. ஆபத்து இருக்கும் நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையை 1998-இல் குஜராத் உயர் நீதிமன்றம் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் (உயிர், சுதந்திர உரிமை) வாசித்தது. 2021 ஏப்ரலில் ரோஹிங்கியா வழக்கில் உச்ச நீதிமன்றம், 21-ஆம் பிரிவு எல்லோருக்கும் உண்டு, ஆனால் நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை நாட்டில் எங்கும் வசிக்கலாம் என்று குடிமக்களுக்கு மட்டும் உரிமை தரும் 19(1)(இ) பிரிவோடு ஒட்டியது என்றது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் ஆய்வுக் கேள்வி இருக்கிறது.

இரண்டாவது, இடத்தையும் காலத்தையும் கட்டுங்கள். இலங்கைத் தமிழ் அகதிகள் தொடர்பாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் 1992-லேயே, திரும்பிப் போவது விருப்பத்தின் பேரில்தானா என்ற வழக்கு வந்தது. 2019-இல் மதுரைக் கிளை, முகாமில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பார்த்தது. இப்போது தலைப்பு இப்படி ஆகும்: ‘1992 முதல் 2021 வரை சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளில் திருப்பி அனுப்பாமைக் கொள்கை: எந்த அரசியலமைப்புப் பிரிவின் கீழ், எந்தச் சர்வதேச ஆதாரத்தைக் காட்டி?’ எண்ணக்கூடிய தீர்ப்புகள், எல்லை உள்ள காலம், பதில் தெரியாத கேள்வி. மூன்றும் கிடைத்துவிட்டன.

மூன்றாவது, ஆதாரம் கைக்கு எட்டுமா என்று சோதியுங்கள். தீர்ப்புகள் கிடைக்கும். முகாமுக்குள் நேர்காணல் எடுக்க வேண்டும் என்றால் மறுவாழ்வுத் துறை அனுமதியும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அனுமதியும் வேண்டும். அது ஆறு மாதத்தை விழுங்கலாம். அனுமதி வராவிட்டாலும் நிற்கக்கூடிய ஆய்வாக அமைத்துக்கொள்ளுங்கள்.

முன்மொழிவு 1,500 முதல் 2,000 சொல்லுக்குள் இருக்கட்டும். கேள்வியை முதல் பத்தியிலேயே சொல்லுங்கள். மனித உரிமையின் தோற்றத்தை மேக்னா கார்ட்டாவிலிருந்து தொடங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ‘கோட்பாட்டு முறை ஆய்வு’ என்று ஒரு வரி எழுதினால் முறையியல் ஆகாது. எந்தத் தீர்ப்புகளை, எந்தத் தளத்தில், எந்தச் சொல்லைத் தேடி, எதை வைத்து ஒதுக்குவீர்கள் என்று எழுத வேண்டும்.

7. பிஎச்டி: சேர்க்கை, காலம், பணம்

2024 ஜூனிலிருந்து நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜேஆர்எஃப்புடன் உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியுடன் பிஎச்டி சேர்க்கை, பிஎச்டி சேர்க்கை மட்டும். பின்னுள்ள இரண்டு வகையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 சதவீதம். சேர்க்கைக்கு அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். முடிவு வந்த வாரமே எந்தெந்தப் பல்கலைக்கழகம் அறிவிக்கை விட்டிருக்கிறது என்று பாருங்கள்.

நெறியாளரை அணுகும் முன் இரண்டு கணக்குப் போடுங்கள். பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக எடுக்க முடியாது. துறைப் பக்கத்தில் அவருடைய தற்போதைய மாணவர் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மின்னஞ்சல் பத்து வரிக்குள் இருக்கட்டும்: ஆய்வுக் கேள்வி, அவர் எழுதிய எந்தக் கட்டுரையோடு அது தொடர்புடையது, உங்கள் நெட் நிலை.

குறைந்தபட்சம் மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு, மறுபதிவோடு எட்டு. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுள்ளவர்களுக்கும் மேலும் இரண்டு ஆண்டு. வகுப்புப் பாடம் குறைந்தது 12 கிரெடிட், அதில் 55 சதவீதம் வேண்டும். வேலையில் இருப்பவர் பகுதிநேரமாகச் சேரலாம், நிறுவனத்தின் தடையின்மைச் சான்று அவசியம். தொலைதூர பிஎச்டி செல்லாது.

ஜேஆர்எஃப் மாதம் 37,000, இரண்டு ஆண்டு கழித்து 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. ஜேஆர்எஃப் இல்லாதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் 8,000 ரூபாய்தான். அதை வைத்து டெல்லியில் குடும்பம் நடத்த முடியாது. எனவே எஸ்சி, ஓபிசி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகையையும் குறிவையுங்கள். நெட் விண்ணப்பத்திலேயே அதற்கான விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் பிறகு சேர்க்க முடியாது. முதல் உதவித்தொகை கைக்கு வரப் பல மாதங்கள் ஆவது வழக்கம் என்பதால், ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இருக்கட்டும்.

ஆய்வேடு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் நகல் விகிதம் 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. 40 வரை போனால் திருத்தித் தர வேண்டும். 60 வரை ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. சட்ட ஆய்வேட்டில் பிரிவுகளையும் தீர்ப்புகளையும் அப்படியே எடுத்துப் போடுவதால் எண்ணிக்கை எகிறும். மேற்கோள் குறி, அடிக்குறிப்பு இரண்டையும் முதல் அத்தியாயத்திலிருந்தே சரியாக வையுங்கள். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் நூலகத்தில் சோதித்துவிடுங்கள்.

வெளிநாட்டு பிஎச்டி என்றால் நெதர்லாந்து, நார்வே, சுவீடனில் ஆய்வாளர் இடம் சம்பள வேலையாகவே விளம்பரம் ஆகும். கல்விக் கட்டணம் கிடையாது. ஆண்டு முழுவதும் விளம்பரம் வரும். பிரிட்டனில் உதவித்தொகையோடு சேர்வதற்கான கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி. ஆங்கிலத் திறன் தேர்வான ஐஇஎல்டிஎஸ் கட்டணம் சுமார் 18,000 ரூபாய், மதிப்பெண் இரண்டு ஆண்டு செல்லும். சட்டத்துக்கு 7 முதல் 7.5 வரை கேட்பார்கள், எழுத்துப் பகுதிக்குத் தனிக் குறைந்தபட்சம் இருக்கும். பரிந்துரைக் கடிதம் தருபவரிடம் ஆறு வாரம் முன்பே சொல்லுங்கள். அவருக்குக் கல்லூரி மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும். ஜிமெயிலிலிருந்து வரும் கடிதத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை.

8. செலவில்லாத வகுப்பறை

ஐநாவின் ஒலி ஒளி நூலகத்தில் சர்வதேசச் சட்டத்தின் முன்னணிப் பேராசிரியர்கள் நடத்திய வகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐநா ஒப்பந்தத் தொகுப்புத் தளத்தில் எந்த நாடு எதில் எப்போது சேர்ந்தது, என்ன நிபந்தனை வைத்தது என்பதை நேரடியாகப் பார்த்து எழுதுங்கள். பாடப்புத்தகத்தை நம்ப வேண்டாம். நெதர்லாந்திலுள்ள ஹேக் சர்வதேசச் சட்ட அகாடமியின் கோடை வகுப்புக்கு நவம்பரில் விண்ணப்பம் திறந்து ஜனவரி இறுதியில் மூடும், உதவித்தொகையும் உண்டு.

9. கட்டுரை வெளியிடுதல்

‘மூன்று நாளில் வெளியீடு, சான்றிதழோடு 1,500 ரூபாய்’ என்று வரும் செய்திகளை அழித்துவிடுங்கள். அப்படிப்பட்ட ஐந்து கட்டுரைகள் இருப்பதைவிட ஒன்றும் இல்லாமலிருப்பது நல்லது. விஷயம் தெரிந்த குழு, பட்டியலைப் பார்த்ததும் உங்களை எடைபோட்டுவிடும். தரமான ஆய்விதழ்களை அடையாளம் காட்டிய யுஜிசி கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. இப்போது நல்ல இதழ் எது என்று நிறுவனங்களே முடிவு செய்கின்றன. டெல்லியிலுள்ள இந்திய சர்வதேசச் சட்டக் கழகத்தின் இதழ், ஆசிய சர்வதேசச் சட்ட இதழ் போன்றவை ஆசிரியரிடம் பணம் கேட்பதில்லை. பதில் வர நான்கு முதல் எட்டு மாதம் ஆகும். ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பக் கூடாது. அமெரிக்க மாணவர் நடத்தும் சட்ட இதழ்கள் மட்டும் இதற்கு விலக்கு. அனுப்பும் முன் அந்த இதழின் அடிக்குறிப்பு முறைக்கு மாற்றுங்கள். ஆஸ்கோலா என்ற பிரிட்டிஷ் முறையில் எழுதியதை, ப்ளூபுக் என்ற அமெரிக்க முறை கேட்கும் இதழுக்கு அப்படியே அனுப்பினால் மதிப்பாய்வுக்கே போகாமல் திரும்பிவிடும்.

10. விண்ணப்பமும் நேர்காணலும்

பல்கலைக்கழகங்களில் நேர்காணலுக்கு ஆள் வடிகட்ட யுஜிசியின் 2018 மதிப்பெண் அட்டவணை பயன்படும். முனைவர் பட்டத்துக்கு 30, முதுகலையில் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் 25, 60-க்கு மேல் 23. ஜேஆர்எஃப்புடன் நெட் 7, நெட் மட்டும் 5, செட் 3. கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் 10 வரை, கற்பித்த ஆண்டுக்கு 2 வீதம் 10 வரை. கல்லூரிகளுக்கு இந்த எண்கள் வேறு. பிஎச்டிக்கு 25, நெட்டுக்கு 8. இது அழைப்புக்கு மட்டும்தான், தேர்வு நேர்காணலில்தான் முடிவாகும். ஒப்பந்த ஆசிரியராக இருந்த காலத்துக்கு நியமன ஆணை, சம்பளச் சான்று, விடுவிப்புக் கடிதம் மூன்றும் இல்லாவிட்டால் அந்த ஆண்டுகளுக்கு மதிப்பெண் கிடைக்காது. வேலையை விட்டு வரும் அன்றே கேட்டு வாங்குங்கள். தொடக்கச் சம்பளம் யுஜிசி நிலை 10-இல் அடிப்படை 57,700 ரூபாய்.

பத்து நிமிடம் வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். ‘சர்வதேசச் சட்டத்தின் மூலங்கள்’ என்று எடுத்துச் சர்வதேச நீதிமன்றச் சட்டத்தின் 38-ஆம் பிரிவை ஒப்பிப்பவர்கள் வரிசையில் நிறையப் பேர் இருப்பார்கள். அதற்குப் பதில் ஒரு வழக்கிலிருந்து தொடங்குங்கள். 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில், வங்கிக் கடனைக் கட்ட முடியாதவரைச் சிறையில் அடைக்கலாமா என்பது கேள்வி. குடிமை, அரசியல் உரிமை உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவு கூடாது என்கிறது. இந்தியச் சட்டம் அனுமதிக்கிறது. நீதிபதி கிருஷ்ணய்யர் என்ன செய்தார் என்று கேட்டு, உடன்படிக்கை தானாகவே இங்கே சட்டமாகாது என்பதையும், ஆனாலும் உள்நாட்டுச் சட்டத்தை அதன் வெளிச்சத்தில் வாசித்ததையும் கரும்பலகையில் இரண்டு வரியில் எழுதுங்கள். சர்வதேசச் சட்டத்தை மதிப்பது, உடன்படிக்கையை நிறைவேற்றச் சட்டம் இயற்றுவது பற்றிய அரசியலமைப்பின் 51(சி), 253 பிரிவுகளை அங்கே இணைத்து, வேலையிடப் பாலியல் தொல்லை குறித்த 1997 விசாகா தீர்ப்பு இதைவிட எப்படி ஒரு படி மேலே போனது என்று முடித்தால் நேரம் சரியாக இருக்கும். குழுவின் அடுத்த கேள்வி பெரும்பாலும் விசாகாவிலிருந்தே வரும். அதற்குத் தயாராகப் போங்கள்.

அசல் ஆவணங்களை விண்ணப்பப் படிவத்தின் வரிசையிலேயே அடுக்கி, சுயகையொப்பமிட்ட இரண்டு நகல் தொகுப்புகளை எடுத்துச் செல்லுங்கள். வேறு கல்லூரியில் வேலையில் இருந்தால் தடையின்மைச் சான்று கேட்பார்கள். அதைப் பெற நிர்வாகத்துக்குக் குறைந்தது முப்பது நாள் முன்பே எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட நகலைக் கையில் வைத்திருங்கள். சான்று நேரத்தில் வராவிட்டால், முறையாகக் கேட்டதற்கு அந்த நகல்தான் குழுவிடம் காட்ட உங்களுக்கு இருக்கும் ஆதாரம்.